ஊர் கேட்டால் பினாங்கு

கோலார் தங்கவயலில் எங்கள் லைனில் யாரை நிறுத்தி "எந்த ஊரு?" என்று கேட்டாலும் ஒரு கிராமத்தின் பெயர்தான் வரும். குடியாத்தம் பக்கம் ஏதோ ஒன்று, திருப்பத்தூர் பக்கம் ஏதோ ஒன்று. சொல்கிறவன் அந்தக் கிராமத்தை ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ போய்ப் பார்த்திருந்தால் அதிகம். பிறந்தது கம்பெனி ஆஸ்பத்திரி, வேலை சுரங்கத்தில், வீடு கம்பெனி கொடுத்த லைன் வீடு. இருந்தாலும் ஊர் என்றால் தாத்தா விட்டுவிட்டு வந்த ஊர். நானும் அப்படித்தான் சொல்வேன். கேட்கிறவர்களும் அதையே எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள்.

எங்கள் வரிசையில் ஒரே ஒருவர் மட்டும் "பினாங்கு" என்பார்.

லைனில் அவரைப் பினாங்கம்மா என்று சொல்வார்கள். அவர் வீட்டுக்காரரை நான் சின்ன வயதிலிருந்தே அண்ணன் என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் அண்ணி. பிறந்தது என்னவோ ஆம்பூர் பக்கம். கைக்குழந்தையாக இருக்கும்போது கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். அங்கேயே வளர்ந்து, எங்கள் லைனிலிருந்து போய் அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டார். அண்ணனின் அப்பா இங்கே இறந்துபோனபோது இருவரும் வந்தார்கள். லைன் வீட்டில் யாராவது ஒருவர் கம்பெனி வேலையில் இருந்தால்தான் வீடு நிற்கும். மகன் பெயர் கொடுத்துச் சுரங்கத்தில் இறங்காவிட்டால் அண்ணனின் அம்மா, அந்தக் கிழவி, தெருவுக்கு வரவேண்டியதுதான். அண்ணன் இறங்கினார். அண்ணி அன்றிலிருந்து பினாங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பல வருஷம் கழித்து நான் பிழைப்புக்காக ஓசூர் பக்கம் வந்துவிட்டேன். அப்போதும் அவர் கிளம்பிக்கொண்டுதான் இருந்தார்.

அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வரும்.

பேச்சின் கடைசியில் ஒரு "லா" போடுவார். "வாங்கலா", "இல்லலா", "ரொம்ப சூடுலா". பினாங்கில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோருமே அப்படித்தான் பேசுவார்களாம். எங்கள் "இன்னா" அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. பத்து வருஷம் எங்கள் நடுவில் இருந்தவர், தண்ணீர்க் குழாயடியில் தினமும் சண்டை போட்டவர், "இன்னாடி" என்று ஒரு தடவை திட்டியிருந்தால் பெண்கள் அவரை மன்னித்திருப்பார்கள். அவர் "என்னாலா" என்று திட்டுவார்.

குழாயடியில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும்.

"எங்க ஊர்ல குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கும்லா."

"அப்ப அங்கயே போயி ஒரு கொடம் மொண்டாந்துடு. நாங்க உன் குடத்துக்கு எடம் புடிச்சு வெக்கிறோம்."

ராபர்ட்சன்பேட்டை பஸ்ஸில் ஏறினால், "எங்க ஊர்ல கம்பியில கரண்டு எடுத்து ஓடுற பஸ்சு. சத்தமே வராது. மடியில குழந்தை தூங்கினா முழிக்காது" என்பார். கண்டக்டர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சத்தமே வரலன்னா பஸ்சு வர்றது எப்டிம்மா தெரியும்?" என்று கேட்டார். "கண்ணு எதுக்குலா இருக்கு?" என்றார் அண்ணி. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் எங்களை இறக்கிவிடும்போது பஸ்ஸை முழுதாக நிறுத்தவில்லை.

எங்கள் லைனில் பாதி வீடுகள் தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு மாறியவை. லைன் கோடியில் ஒரு சின்ன விகாரை உண்டு. அதில் உட்கார்ந்த நிலையில் ஒரு சின்ன புத்தர். அண்ணனும் அண்ணியும் முதலில் பார்த்துக்கொண்டதே பினாங்கில் பர்மாக்காரர்கள் கட்டிய ஒரு புத்தர் கோயிலில்தானாம். அண்ணி வந்த புதிதில், பௌர்ணமி பூஜைக்கு எல்லோரும் கூடியிருந்தபோது புத்தரை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவு சின்னதா? எங்க ஊர்ல புத்தர் நின்னுட்டு இருப்பாருலா. தலை கூரையைத் தொடும்."

விளக்கேற்றிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பாமலே, "அங்க நிக்க வெச்சிட்டாங்க, பாவம். இங்கயாவது செத்த குந்தட்டும்மா" என்றார்.

அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மறுமாதமும் அதையேதான் சொன்னார்.

நான் பினாங்கைப் பார்த்ததில்லை. இனிப் பார்க்கப் போவதுமில்லை. ஆனால் என்னைக் கொண்டுபோய் அந்தத் துறைமுகத்தில் இறக்கிவிட்டால் தண்ணிமலை முருகன் கோயிலுக்கு யாரிடமும் வழி கேட்காமல் போய்விடுவேன். எந்தத் தெரு முனையில் சீனன் நூடுல்ஸ் கிளறுகிறான், எந்தக் கடையில் ரொட்டி வீசிப் போடுகிறார்கள், எல்லாம் தெரியும். கடைகளுக்கு முன்னால் கூரை போட்டு ஐந்தடி அகலத்துக்கு நடைபாதை விட்டிருப்பார்களாம். அதன் பெயரே அஞ்சடி. "மழை கொட்டும்லா. ஆனா ஊர் பூரா நனையாம நடக்கலாம். வீடு இல்லாதவனுக்குக்கூட அங்க தலைக்கு மேல ஒரு கூரை உண்டு" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் சண்டை இருக்காது. தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து காற்று அந்த வெள்ளை மண்ணை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் கண்ணிலும் சோற்றிலும் போட்டுக்கொண்டிருக்கும். நாங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்த அஞ்சடியைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒரு தடவை ஏர்பிளாஸ்ட் ஆனது. பூமிக்கடியில் பாறை தானாக வெடிப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வீட்டில் பாத்திரமெல்லாம் பரணிலிருந்து உருண்டு விழுந்தது. எந்த ஷாஃப்ட் என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் ஓடினோம். அண்ணன் அந்த ஷிஃப்டில் கீழே இருந்தார். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்வரை அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றப் பெண்கள் அழுதார்கள். அண்ணன் மூன்றாவது கேஜில், உடம்பெல்லாம் புழுதியாக, நடந்தே வெளியே வந்தார். அண்ணி நேரே அவரிடம் போய், எல்லோர் முன்னாலும், "பினாங்குல மூட்டை தூக்கினா இடுப்புதான் வலிக்கும். தலை மேல மலை விழாதுலா!" என்று கத்தினார். அண்ணன் "சரி, வூட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார். அவர் எப்போதும் அவ்வளவுதான் பேசுவார். திரும்பிப் போகலாமா என்று கேட்டால் "பாக்கலாம்" என்பார். போகக்கூடாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. போகலாம் என்றும் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் விட எங்களைப் படுத்தி எடுத்தது ரேஷன் கார்டு விவகாரம்.

பினாங்கை விட்டு வரும்போது, திரும்ப நுழைவதற்கு ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதற்கு ஒரு கெடு உண்டு. இங்கே வந்து அண்ணன் சுரங்கத்தில் இறங்கிய கொஞ்ச நாளில் இருவருடைய கெடுவும் முடிந்துபோனது. பினாங்கிலேயே இருந்த அண்ணியின் அண்ணன், "வேறு ஊரில் குடியேறிவிட்டவர்களைத் திரும்ப விடமாட்டார்களாம்" என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். இந்த ஊரில் எந்தக் காகிதத்திலும் தன் பெயர் ஏறக்கூடாது, ஏறினால் குடியேறியதாக ஆகிவிடும் என்று அண்ணி முடிவு கட்டிவிட்டார். கம்பெனி டிப்போவில் மலிவு விலைக்கு அரிசி போடுவார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று. அந்தக் கார்டில் அண்ணன் பெயரும் கிழவி பெயரும் மட்டும்தான். மூன்று பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு இரண்டு பேர் அரிசி.

"பொறந்தது ஆம்பூரு, துன்றது என் பங்கு, வாயில மட்டும் பினாங்கு" என்று மாமியார் வாசலில் உட்கார்ந்து சொல்வார், ஊருக்கே கேட்கிற மாதிரி.

"நான் பாதி வயிறு சாப்பிடுறேன்லா, உங்க பங்கு எனக்கு வேணாம்" என்பார் அண்ணி உள்ளேயிருந்து.

உண்மையிலேயே பாதிதான் சாப்பிட்டார். ஆஸ்பத்திரிக் கார்டிலும் பெயர் எழுதமாட்டார். காய்ச்சல் வந்தால் கம்பவுண்டரிடம் போய், பெயர் எழுதிக்கொள்ளாமல் மாத்திரை கொடு என்று சண்டை போடுவார். ஜனக் கணக்கு எடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் அவரிடம் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன்.

"என்னை எழுதாதீங்க சார்."

"இங்க இருக்கற எல்லாரையும் எழுதணும்மா."

"நான் எல்லாரும் இல்லலா."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் அவர் எழுதினாரா இல்லையா என்று தெரியாது. அடுத்த வீட்டு வாசலில் உட்கார்ந்து முதலில் தண்ணீர்தான் கேட்டார்.

இப்படிப்பட்டவரோடு ஆபீஸ் ஆபீஸாக அலைகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் தங்கக் கல் அரைக்கிற மில்லில் வேலை பார்த்தேன், சுரங்கத்துக்கு மேலே. அண்ணனுக்குக் கிடைக்காத லீவு எனக்குக் கிடைக்கும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆபீஸ் வாசலை மிதித்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அண்ணி என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குறுக்கே பேசமாட்டேன். அடுத்த வீட்டுக்காரன் பெண்டாட்டியோடு அலைகிறானே என்று லைனில் யாரும் தப்பாகப் பேசவில்லை. பரிதாபமாகத்தான் பார்த்தார்கள். என் மனைவி மட்டும், "உனக்கு வேணாம்னு சொல்ல வாய் வராதா? என்கிட்ட மட்டும் நல்லா வருதே" என்பாள்.

அண்ணி வந்தபோது அண்ணனுடைய பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்தவர். இனிப் போகவேண்டுமானால் தனக்கென்று ஒன்று வேண்டும். ராபர்ட்சன்பேட்டையில் டைப் அடிக்கிற ஒருவரிடம் மனு எழுதி அனுப்பினோம். "போலீஸ் வந்து விசாரிப்பாங்க. இந்த வூட்லதான் குடியிருக்கறாங்களான்னு பாப்பாங்க. அவ்ளோதான்" என்றார் அவர்.

நான் அண்ணியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "போலீஸ் வந்தா 'இங்கதான் இருக்கேன்'ன்னு மட்டும் சொல்லுங்க அண்ணி. வேற ஒண்ணும் சொல்லாதீங்க."

"சரிலா, சரிலா. எனக்கு என்ன பைத்தியமா?"

போலீஸ்காரர் வந்த அன்று நான் அண்ணி வீட்டில்தான் இருந்தேன். கன்னடக்காரர், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த களைப்பு. அண்ணி அவருக்கு மோர் கொடுத்தார், நாற்காலி போட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் மோரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, எந்தப் போலீஸ்காரரும் எந்த வீட்டிலும் கேட்கிறதைக் கேட்டார்.

"நிம்ம ஊரு யாவுதம்மா?"

"பினாங்கு" என்றார் அண்ணி.

போலீஸ்காரர் பேனாவை நிறுத்தினார். "இந்த ஊரு இல்லவா?"

"இல்லலா. இங்க எனக்கு என்ன இருக்கு?"

அவர் எழுந்து வாசலுக்கு வந்தார். குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். "இந்த அம்மா யாவ ஊரு?" என்று கேட்டார். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர்கள், ஒரே குரலில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், "பினாங்கு!" என்றார்கள். ஒருத்தி கூடுதலாக, "இந்த ஊர்க்காரின்னு சொன்னா அவங்களுக்குக் கோவம் வந்துடும் சார்" என்றாள்.

நான் அவர் சைக்கிளுக்குப் பின்னால் ஓடினேன். லைன் கோடிவரை ஓடிப் பிடித்து, என் கையையே நான் பார்த்துக்கொண்டு, "சார், பேச்சுக்குச் சொல்றாங்க சார், பத்து வருசமா இங்கதான் இருக்கறாங்க" என்றேன்.

"அவங்க வாயாலயே சொன்னாங்களேப்பா. ரேஷன் கார்டு காட்டு."

நான் என்ன காட்டுவது?

மனு திரும்பி வந்தது. இந்த விலாசத்தில் வசிப்பவர் இல்லை என்று போட்டிருப்பதாக டைப் அடிக்கிறவர் படித்துச் சொன்னார். அண்ணி அவரோடும் சண்டை போட்டார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அண்ணிதான் பேசினார். "ஊர் கேட்டாருலா. இருக்கிற இடத்தையா கேட்டாரு? இருக்கிற இடம்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இந்த ஊரை விட்டுப் போவதற்கு முதலில் இந்த ஊர்க்காரியாக வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு மழைக்காலம் ஆனது. கடைசியில் ஒரு நாள் டிப்போவுக்கு வந்தார். அரிசி வரிசையில் நின்றிருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். கிளார்க் பெயரை எழுதினார்.

"பக்கத்துல டெம்பரவரின்னு போடுங்கலா" என்றார் அண்ணி.

கிளார்க் தலை நிமிர்த்தாமல், "எல்லா கார்டும் டெம்பரவரிதாம்மா. கம்பெனியே டெம்பரவரி" என்றார். வெள்ளைக்காரர்களிடமிருந்து சுரங்கம் சர்க்கார் கைக்கு மாறி, மூடப்போகிறார்கள் என்று வருஷத்துக்கு ஒரு வதந்தி வந்துகொண்டிருந்த காலம் அது. வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் மூன்று பேர் அரிசி வீட்டுக்கு வந்தது. மாமியார் முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டே, "இத்தினி வருசம் கழிச்சு என் மருமவ வூட்டுக்கு வந்திருக்கறா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அண்ணி காதில் விழாத மாதிரி இருந்தார். ஆனால் அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டதாக மாமியாரே என் அம்மாவிடம் சொன்னார்.

மறுபடி மனுப் போட்டதில் பாஸ்போர்ட் வந்தது. பினாங்கிலிருந்து அண்ணியின் அண்ணன், தங்கையைத் தான் வைத்துக் காப்பாற்றுவதாக எழுதி அனுப்பினார். இனி மெட்ராஸில் இருக்கிற மலேயா ஆபீஸில் அனுமதி வாங்கினால் கப்பல்தான். அண்ணன் தகரப் பெட்டியை இறக்கித் துடைத்துக் கொடுத்தார். அனுமதி கிடைத்தால் அப்படியே துறைமுகத்தில் ஏற்றிவிட்டு வரும்படி என்னிடம் சொன்னார். தான் மெட்ராஸ் வரவில்லை. லைன் முழுக்க வந்து வழியனுப்பியது. குழாயடியில் பெரிதாகச் சண்டை போட்டவள்தான் பெரிதாக அழுதாள். பங்காருபேட்டையில் ரயில் மாறினோம். நானே பெட்டியைத் தலையில் சுமந்து ஏற்றினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக ஒரு பாரத்தைச் சுமந்ததில்லை.

மெட்ராஸ் ஆபீஸில் இருந்த அதிகாரி தமிழர், அந்த ஊரிலேயே வளர்ந்தவர். நாங்கள் உள்ளே போனதும், "உட்காருங்கலா" என்றார்.

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை வேறொருவர் வாயிலிருந்து அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. பிறகு இருவரும் பேச ஆரம்பித்தார்கள். எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கடையில் ரொட்டி. நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் எல்லாத் தெருவும் தெரிந்தே இருந்தது. நடுவில் அதிகாரி, "அந்தக் கரண்டு பஸ்சையெல்லாம் எடுத்துட்டாங்க, தெரியுமா?" என்றார்.

"எடுத்துட்டாங்களா?" அண்ணி கொஞ்சம் யோசித்தார். "வேற பஸ்சு விட்டிருப்பாங்கல்ல?"

"விட்டிருக்காங்க."

"அது போதும்லா."

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். நல்ல மனுஷர். பழைய கெடு முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது, நிரந்தரமாகப் போக இப்போது சட்டம் இடம் கொடுக்காது என்று சொன்னார். "ஆனா அண்ணனைப் பார்க்கப் போறதா மூணு மாசத்துக்கு அனுமதி நானே தரலாம். மூணு மாசத்துல திரும்பி வந்துடுவேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே முத்திரை குத்திக் கொடுக்கறேன்."

"திரும்பி வரமாட்டேன்லா" என்றார் அண்ணி.

அதிகாரி சிரித்தார். "அதை நான் கேக்கலைம்மா. காகிதத்துல சொல்லுங்கன்றேன்."

"காகிதத்துலதான் சொல்றேன். வரமாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு ஆபீஸுக்குள் நானாக வாய் திறந்தது அன்றுதான். "அண்ணி, மூணு மாசம்னு சொல்லிடுங்க. அங்க போனப்புறம் உங்க இஷ்டம்" என்றேன். அதிகாரி காதில் விழாதவர் மாதிரி மைக்கூட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அண்ணி அவரிடம், "நிரந்தரமா வேணும்னு மனுப் போடலாமா?" என்று கேட்டார்.

"போடலாம். கிடைக்கறது ரொம்பக் கஷ்டம்."

"போடலாம்ல?"

"போடலாம்."

"அப்ப அதைப் போடறேன்லா" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் வாசல் மரத்தடியில் பெட்டியைக் கீழே வைத்தேன். நான் குரல் உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன். "எத்தினி வருசம் எங்க உசுர எடுத்தீங்க! கதவத் தொறந்துவுட்டு உள்ள வான்றான். ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சுடும்?" ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணி என்னை முழுக்கப் பேசவிட்டார். பிறகு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"உங்க அண்ணன் என்னை எப்படிக் கூட்டிட்டு வந்தாரு தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"ரெண்டு மாசம்னாரு. அப்பா காரியத்தை முடிச்சுட்டு ரெண்டு மாசத்துல திரும்பிடலாம்னாரு. நான் பாத்திரம் பண்டமெல்லாம் பக்கத்து வீட்டுச் சீனத்திகிட்டக் குடுத்து, ரெண்டு மாசத்துல வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். கப்பல் ஏறும்போதே அவருக்குத் தெரியும்லா, திரும்ப முடியாதுன்னு. வேலைக்கு வரச்சொல்லித்தான் தந்தியே வந்துச்சு. கோலாருக்கு வந்த மறுநாள் சொன்னாரு."

நான் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அவர் மேல தப்பு சொல்லலை. பெத்தவளைத் தெருவுல விட முடியுமா? ஆனா இப்ப நான் மூணு மாசம்னு எழுதிக்குடுத்துட்டு அங்கேயே இருந்துட்டேன்னு வையி. இங்க உக்காந்து நாளை எண்ணுறது யாரு? அவருதானே. நான் எண்ணியிருக்கேன்லா. அது எனக்குத் தெரியும். போனா, போறேன், இனிமே வரமாட்டேன், நீயும் வான்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டுத்தான் போவேன்."

பிறகு, "பெட்டியை எடு. பசிக்குது" என்றார்.

அவர் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பங்காருபேட்டை வரும்வரை இருந்தது. வழியெல்லாம் ரயில் காப்பியைப் பினாங்குக் காப்பியோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார்.

லைனில் நுழைந்தபோது பெண்கள் குடங்களை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கேலி செய்ய யாருக்கும் வாய் வரவில்லை. மாமியார் மட்டும், "வந்துட்டியா? கை கழுவு. உனக்கும் சேத்துதான் வடிச்சேன்" என்றார். அண்ணி உள்ளே போய்விட்டார். அண்ணன் வாசலில் நின்று என்னைக் கேட்டார்.

"கப்பல் இல்லியா?"

"இருந்துச்சுண்ணா. மூணு மாசத்துல திரும்பி வந்துடுவேன்னு எழுதித் தரணுமாம். அப்டி எழுத முடியாதுன்னுட்டாங்க."

மரத்தடியில் பேசியதை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவர் முகம் அப்படி ஆனது. பிறகு என் தலையிலிருந்த பெட்டியை இறக்கித் தானே உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அன்று சங்கு ஊதியும் அவர் ஷிஃப்டுக்குப் போகவில்லை. நான் அறிந்து அதுதான் முதல் தடவை.

அடுத்த சம்பள நாளுக்கு மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் அண்ணி.

"ராபர்ட்சன்பேட்டைக்குப் போயிட்டு வரலாம், வர்றியா?" என்றார் அண்ணன். "நிரந்தரமாப் போறதுக்கு ரெண்டு பேருக்கும் சேத்தே மனுப் போட்டுடலாம்னு பாக்கறேன்."

"உங்கம்மா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அவர்கள் வீட்டிலிருந்து கிழவியின் குரல் வந்தது. "போடுங்கடா, போடுங்க! அது வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்!"

அண்ணி பொறுமையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஆபீஸ்ல பேச வராதுப்பா. நீ கூட இருந்தா நல்லாருக்கும்" என்றார். உள்ளேயிருந்து என் மனைவி கரண்டியை வேண்டுமென்றே கீழே போட்டாள். அத்தனை வருஷம் அந்த வீட்டில் ஒருவரிடம்தான் "முடியாது" என்று என்னால் சொல்ல முடியாமல் இருந்தது. அன்று முதல் இரண்டு பேர்.